மவுஸ் அடம்பிடித்தால் ஃபார்மட் எதற்கு?

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் தொடங்கியது. அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கு வழங்கிய அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பரணில் இருந்து அதை இறக்கி, புதிய லினக்ஸ் போட்டு, பிள்ளைகளுக்குத் தருகிறவர்கள் இன்றும் உண்டு.

மவுஸ் நகரவில்லை என்று கடைக்குத் தூக்கிப் போனால், "லினக்ஸா? ஃபார்மட் பண்ணிடலாம்" என்று சொல்லிவிடக்கூடும். கல்யாண போட்டோ, காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் அதோடு போய்விடும். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது.

முதலில் குற்றவாளி யார் என்று பாருங்கள். யூஎஸ்பி மவுஸை ஓடிஜி கேபிள் மூலம் உங்கள் ஆண்ட்ராய்டு போனில் செருகுங்கள். திரையில் அம்புக்குறி தெரிந்து நகர்ந்தால் மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து, லேப்டாப்பில் வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள்.

டச்பேட் மட்டும் வேலை செய்யவில்லையா? கீபோர்டின் மேல் வரிசையில் டச்பேட் படம் போட்ட கீ இருக்கும். அதை எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்துங்கள். குழந்தைகள் தெரியாமல் அழுத்தி அணைத்திருப்பார்கள். பாதி வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும்!

அம்பு நகர்கிறது, ஆனால் தட்டினால் திறக்கவில்லை. அல்லது பக்கம் தலைகீழாக ஓடுகிறது என்றால், அது கோளாறே அல்ல, செட்டிங்தான். மவுஸ் இல்லாமலே அங்கே போகலாம். உபுண்டு போன்றவற்றில் விண்டோஸ் கீயை அழுத்தி, 'மவுஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். டேப் கீயால் நகர்ந்து 'டேப் டு கிளிக்'கை ஆன் செய்யுங்கள். 'நேச்சுரல் ஸ்க்ரோலிங்'கை மாற்றினால் பக்கம் பழையபடி ஓடும். இடக்கை பழக்கம் உள்ளவர்கள் முதன்மை பட்டனை வலப்பக்கம் மாற்றிக்கொள்ளும் வசதியும் அங்கேதான்.

சில நொடி சும்மா விட்டால் மவுஸ் உறங்கிவிடுகிறதா? பேட்டரி சேமிப்பு மென்பொருள் யூஎஸ்பிக்கு மின்சாரத்தை அடக்குகிறது. அதில் மவுஸுக்கு மட்டும் விலக்கு தரலாம்.

இணையத்தில் பார்த்து டைப் செய்த 'எக்ஸ்இன்புட்' கட்டளை, ரீஸ்டார்ட் செய்ததும் மறைந்துவிடும்; அது அந்த ஒருமுறைக்குத்தான். புதிய லினக்ஸ்களில் உள்ள 'வேலேண்ட்' திரை முறையில் அந்தக் கட்டளை எடுபடவே எடுபடாது. செட்டிங்ஸ் பக்கத்தில் மாற்றுவதே நிலைக்கும்.

எதற்கும் அசையவில்லை, கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், போட்டோக்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.