பில்லில் ஒரு முகவரி

ஜவ்வாது மலையில் துப்பாக்கி என்றதும் நாட்டுத் துப்பாக்கிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்குப் பில்லும் இல்லை, வரியும் இல்லை. நாம் சொல்ல வந்தது உரிமம் பெற்று, கடையில் பணம் கட்டி வாங்கும் துப்பாக்கியைப் பற்றி. மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது.

உரிமம் உள்ள நம் ஊர்க்காரர் ஒருவர் பெங்களூர் சென்று 1 லட்ச ரூபாய்க்குக் கைத்துப்பாக்கி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஆக வரி 40,000 ரூபாய். பாதி மத்திய அரசுக்கு. மீதி 20,000 கர்நாடகத்துக்கா, தமிழ்நாட்டுக்கா?

1956-ஆம் ஆண்டு மத்திய விற்பனை வரிச் சட்டத்தின் காலத்தில் விற்ற மாநிலத்துக்கே வரி. 'சி' படிவத்துக்கு அலைந்ததை நம் மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, நுகரும் மாநிலத்துக்கே வரி என்றார்கள். ஆனாலும் நேரில் போய்க் கையில் வாங்கி வந்த சரக்குக்கு, கடை இருக்கும் மாநிலமே வரியைப் பெற்றது. 2023 அக்டோபர் 1 முதல் அதுவும் மாறிவிட்டது. பதிவு பெறாத வாடிக்கையாளரின் முகவரி பில்லில் இருந்தால், அந்த முகவரி உள்ள மாநிலத்துக்கு வரி. இல்லையேல் கடை உள்ள மாநிலத்துக்கு. மாநிலத்தின் பெயரை எழுதினாலே முகவரி எழுதியதாகக் கொள்ளப்படும். துப்பாக்கிக்கு உரிமத்தைப் பார்த்தே பில் போடுவதால் முகவரி தானாக வந்துவிடும். 20,000 ரூபாய் தமிழ்நாட்டுக்கு வரும். இது நியாயமே. வரவேற்கிறோம்.

இதே விதி நம் பக்கம் திரும்பும்போதுதான் சங்கடம். ஜமுனாமரத்தூருக்கு வரும் வெளிமாநிலச் சுற்றுலாப் பயணி லேபிள் ஒட்டிய தேன் பாட்டிலும் சாமைப் பாக்கெட்டும் வாங்குகிறார். "பில்லில் என் ஊரையும் மாநிலத்தையும் போடுங்கள்" என்கிறார். போட்டால் அது மாநிலம் விட்டு மாநிலம் செய்த விற்பனையாகிவிடாதா? ஆண்டுக்கு 1.5 கோடி ரூபாய் வரை விற்கும் வணிகர்களுக்கு உள்ள காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர் அத்தகைய விற்பனை செய்யவே கூடாது. 40 லட்சத்துக்குள் விற்பதால் பதிவு செய்யாதவரோ, வரி உள்ள சரக்கை அப்படி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு செய்தாக வேண்டும். பார்சலில் அனுப்புவதற்கும் இதே தடைதான்.

பெரிய நிறுவனம் எந்த மாநிலத்திலிருந்தும் நம் மலைக்குச் சரக்கு அனுப்பலாம். நம் மலைத் தேன் பக்கத்து மாநிலமான ஆந்திராவின் குப்பத்துக்குப் போக முடியாது. இது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்காவில் 2018-இல், வெளிமாநில விற்பனையாளரும் வரி வசூலித்துக் கட்ட வேண்டும் என்ற தெற்கு டகோட்டா மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்தச் சட்டமும்கூட ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்கு மேல் விற்பவரையோ, 200 பேரத்துக்குக் குறையாமல் செய்பவரையோதான் பிடித்தது. சிறியவரை விட்டுவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டிலேயே 20 லட்சத்துக்குள் சேவை வழங்குவோர் பதிவு இல்லாமல் பிற மாநிலங்களுக்குச் சேவை அளிக்கலாம் என 2017 அக்டோபரிலேயே விலக்கு தந்துவிட்டார்கள். சேவைக்குத் தந்ததைச் சரக்குக்குத் தர என்ன தயக்கம்?

நம் கோரிக்கை இரண்டே. ஒன்று, கடையில் நேரில் வாங்கிச் செல்லும் சில்லறைச் சரக்குக்கு, பில்லில் எந்த மாநிலத்தின் பெயர் இருந்தாலும் சிறு வணிகர் மீது குற்றம் வராது என்று தெளிவான ஆணை வேண்டும். இரண்டு, காம்பொசிஷன் வணிகரும் பதிவு செய்யாத சிறு வணிகரும் ஒரு வரம்புக்குள் வெளிமாநிலங்களுக்கு விற்க அனுமதி வேண்டும். ஜி.எஸ்.டி. கவுன்சிலில் தமிழக அரசு இதை எடுத்துப் பேச வேண்டுகிறோம்.

அதுவரை நம் கடைக்காரர்கள் ஒன்றை நினைவில் கொள்க. பதிவு பெறாத வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய்க்குக் குறைந்த பில்லில், அவர் கேட்டாலொழிய முகவரி கட்டாயமில்லை. கேட்டால், எழுதும் முன் உங்கள் கணக்கரைக் கலந்துகொள்ளுங்கள்.