பிறேக்கில் புகுந்த காற்று



வீட்டு ஆண்கள் ஓட்டிய மோட்டார் சைக்கிளைத் தாமே ஓட்டிக் குடும்பத்தைக் கொண்டுசெல்லும் பெண்கள் தீவகத்தில் பலர். கரம்பொனிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாண நகருக்குச் சுமார் 20 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு நம்பகமான பிறேக் வேண்டும்.

"முன் பிறேக்கைப் பிடிச்சா பஞ்சு மாதிரி இருக்குது அக்கா. கராஜிலை சொன்னால், பொம்பிளையளுக்குப் பிறேக் பிடிக்கத் தெரியாது எண்டு சிரிக்கினம்" என்று கரம்பொன் சகோதரி ஒருவர் என்னிடம் சொன்னார். குறை அவர் கையில் இல்லை. பிறேக் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருந்தது.

முன்சில்லில் டிஸ்க் பிறேக் உள்ள சைக்கிளில், நாம் பிடிக்கும் விசையைச் சில்லுக்குக் கொண்டுபோவது பிறேக் ஒயில். திரவம் அழுத்தினாலும் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். அதனால் கையின் விசை சில்லுக்குப் போய்ச் சேராது. ஒயில் குறைந்தாலோ எங்காவது கசிந்தாலோ காற்று உள்ளே போகும். பழைய ஒயில் ஈரத்தையும் உறிஞ்சியிருக்கும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் தொடங்கியதால், நம்மிடம் உள்ளவற்றில் பல பழைய சைக்கிள்கள். ஆகவே இதைக் கவனிக்க வேண்டும்.

காற்றை வெளியேற்றுவதை 'எயர் எடுத்தல்' என்பார்கள். இரண்டு பேர் சேர்ந்தால் செய்யலாம்.

ஒயில் கிண்ணம் மட்டமாக நிற்கும்படி கைபிடியைத் திருப்பி, மூடியைத் துடைத்துத் திறவுங்கள். டொட் 3, டொட் 4 என மூடியில் எழுதியுள்ள வகை ஒயிலை, உடைக்காத போத்தலிலிருந்து ஊற்றுங்கள். என்ஜின் ஒயிலோ தேங்காயெண்ணெயோ ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர் கெட்டுவிடும். சில்லருகே உள்ள சிறு நிப்பிளில் தெளிவான டியூப்பை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள்.

ஒருவர் பிறேக்கை மெதுவாகச் சில தடவை அழுத்தி, இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். மற்றவர் நிப்பிளைக் கால் திருகு திறந்து, குமிழி வெளியேறியதும் மூட வேண்டும். மூடிய பின்னரே பிடியை விடலாம். முன்னரே விட்டால் காற்று திரும்பவும் உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை இப்படியே செய்யுங்கள். கிண்ணத்தில் ஒயில் வற்ற விடாதீர்கள். நமது உப்புக்காற்றில் நிப்பிள் துருப்பிடித்திருந்தால் பலவந்தமாகத் திருகாதீர்கள், முறிந்துவிடும். சிந்திய ஒயில் பெயின்ற்றை அரிக்கும். உடனே தண்ணீரால் கழுவுங்கள். டிஸ்க் தட்டில் படவே கூடாது.

சில பெரிய மோட்டார் சைக்கிள்களில் கிளச்சும் ஒயிலாலேயே இயங்கும். அதில் காற்றுப் புகுந்தால் கியர் மாற்றுவது கடினமாகும். அதற்கும் இதே முறைதான். கம்பியால் இழுபடும் கிளச்சுக்கு இது தேவையில்லை.

முடித்ததும் வளவுக்குள் மெதுவாக ஓட்டிப் பிறேக்கைச் சோதியுங்கள். இன்னும் பஞ்சாக இருந்தாலோ கசிந்தாலோ வீதியில் இறங்காதீர்கள். கராஜுக்குக் கொண்டுபோய், "எயர் எடுத்துப் பாத்தாச்சு, கசிவு எங்கே எண்டு பாருங்கோ" என்று சொல்லுங்கள். அதன்பிறகு எவரும் உங்கள் கையைக் குறை சொல்லமாட்டார்கள்.