மஞ்சள் ஒன்று, நோய் பல

காமாலை என்றால் ஒரே நோய், அதற்கு மருந்தும் ஒன்றே என்னும் எண்ணம் நம் சங்க அங்கத்தினரிடையே வேரூன்றியிருக்கிறது. கண் மஞ்சளித்ததும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து பருகிப் பத்து நாள் பத்தியமிருப்பர். இவ்வழக்கத்தை நான் ஏற்பதற்கில்லை.

ஐந்தொகையில் நஷ்டம் காணின், அது நூல் கொள்முதலில் நேர்ந்ததா, விலைபோகாத சேலைகள் தேங்கியதாலா என்று பாராமல் தணிக்கையாளர் கையொப்பமிடுவாரா? மஞ்சள் நிறமும் அத்தகைய மொத்தத் தொகையே.

இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து சிதைகின்றன. அப்போது உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சட்பொருளைக் கல்லீரல் பக்குவப்படுத்திப் பித்தநீருடன் குடலுக்கு அனுப்புகிறது. அணுக்கள் அளவுமீறிச் சிதைந்தாலும், கல்லீரல் நலிந்தாலும், பித்தக்குழாய் அடைபட்டாலும் கண் ஒருபோலவே மஞ்சளிக்கும். வேற்றுமையை ஆய்வுக்கூடமே காட்டவேண்டும்.

அங்கே பிலிருபினை மொத்தமாகவும், பக்குவமடைந்த பகுதியைத் தனியாகவும் அளப்பர். பக்குவமடையாத பகுதியே மிகுந்து, சிறுநீரில் பிலிருபின் இல்லாதிருப்பின் அணுச்சிதைவை ஐயுறலாம். வைரஸ் கிருமியால் கல்லீரல் அழற்சியுற்றால், இயல்பில் 40 அலகை ஒட்டியிருக்கும் ஏ.எல்.டி. என்னும் நொதி ஆயிரத்தையும் தாண்டக்கூடும். குழாய் அடைபட்டால் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் ஓங்கும், மலம் வெளுக்கும். அடைத்திருப்பது கல்லா கட்டியா என்பதைப் பின்னர் ஸ்கேன் எடுத்தே அறிய இயலும். அதற்குக் கீழாநெல்லி என்ன செய்யும்?

கீழாநெல்லியை நான் இகழவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமி தாங்கியோரிடம் அது பயன் தந்ததாகச் சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் லான்செட் இதழில் எழுதினர். பிற்பட்ட ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. அவ்வாய்வும், இரத்தத்தைச் சோதித்து பி கிருமி உண்டெனக் கண்டோரைக் கொண்டே நடந்தது என்பதை நினைவிற்கொள்க.

பயிர்செய்யும் அங்கத்தினர் எலிக்காய்ச்சலைத் தனியே அறிந்திருத்தல் நலம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் நிற்கையில், காலின் கீறல் வழியே அக்கிருமி புகும். நோய் முற்றிக் காமாலை கண்டால், பிலிருபின் மிக உயர்ந்திருந்தும் ஏ.எல்.டி. சிறிதளவே ஏறியிருக்கும், சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினினும் உயரலாம். இது பென்சிலின் போன்ற மருந்துகளுக்குக் கட்டுப்படும் நோய். பத்து நாள் பத்தியத்தில் அந்த வாய்ப்பே கைநழுவிப் போகக்கூடும்.

காமாலையுற்றவர் ஓயாது உறங்கினாலும், பேச்சுக் குழறினாலும், இரத்தம் கசிந்தாலும் அன்றே மருத்துவமனை சேர்க்க. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இரத்தம் எடுக்கும் நேரத்தை, நூல் விலை எழுதும் பலகையிலேயே எழுதிவைக்குமாறு சங்க நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.