கை வழங்காவிட்டால் கூலி ஏது?

மைசூரில் சாரத்திலிருந்து விழுந்து தோள் நழுவிய கொத்தனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போதே மேஸ்திரி ஒரு பாடம் சொல்லிக்கொடுத்து விடுகிறார்: "வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்." நம்மவரும் அப்படியே சொல்லிவிட்டு வருகிறார். அந்த ஒரு வாக்கியத்தில் போவது எவ்வளவு தெரியுமா? இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர் வேலையில் அடிபட்டால், கை வழங்கும்வரை சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் அவருக்குக் கிடைக்க வேண்டும். வீட்டில் விழுந்தவருக்கு அது ஏது?

இன்னும் சிலர் நேரே புத்தூர் கட்டுக்குப் பஸ் ஏறுகிறார்கள். கட்டில் எலும்பு கூடியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நழுவிய தோளைச் சில மணி நேரத்துக்குள் மூட்டில் சேர்த்தாக வேண்டும். குழந்தையின் முழங்கை முறிவில் கட்டு இறுகினாலோ, ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போகலாம். எக்ஸ்ரே எடுக்க கே.ஆர். ஆஸ்பத்திரி ஊருக்குள்ளேயே இருக்கும்போது பஸ் எதற்கு?

குமாஸ்தாக்கள் கதை வேறு. முழங்கை வலித்தால் "ஊசி போடுங்கள் டாக்டர்" என்கிறோம். 2004-இல் சச்சின் டெண்டுல்கரை உட்கார வைத்த அதே டென்னிஸ் எல்போதான். மட்டையைத் தொடாத நமக்கும் வரும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் போட்டுக்கொள்ளாதவர்களே தேவலை என்று 2010-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஓய்வும் பயிற்சியும் மெதுவான வைத்தியம், லீவுதான் கிடைப்பதில்லை.

கன்னடம் வராதே என்று கூச்சப்படும் அன்பர்களுக்கு ஒன்று: "கை நோவு" என்றால் அவர்களுக்கும் நோவுதான். எங்கே, எந்த வேலையில் அடிபட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சீட்டில் அப்படியே எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.