ஜாஸும் இயந்திரத் தாளமும்: கோர்வை விழுமா?

“அது கிளப் பாட்டு. நல்ல பெண்கள் கேட்கிற பாட்டா அது?” என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள். நெஞ்சுக்கூட்டை உலுக்கும் ‘தும் தும்’ என்ற அடித்தாளத்தோடு சாக்ஸபோனும் பியானோவும் கலந்து ஒலிக்கின்ற இசையைப் பற்றித்தான் சொல்லுகிறேன். ஜாஸ் இசையையும், மின்கருவிகளில் பிறக்கும் நடனக்கூட இசையையும் ஒன்றாக்கித் தருவது இது. இக்கலவை வரவேற்கத்தக்கது என்பது என் கட்சி. ஆனால் கலவை என்று பெயர் சூட்டிக்கொண்டு வருவதையெல்லாம் வரவேற்க நான் தயாராக இல்லை.

பிறந்த இடத்தைப் பார்த்து ஓர் இசையை ஒதுக்குவதானால் ஜாஸையே முதலில் ஒதுக்க வேண்டும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்களிடையே தோன்றி, மதுக்கூடங்களிலும் நடன மண்டபங்களிலும் வளர்ந்த இசை அது. அவ்விசையில் பேர்பெற்ற பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் அம்மையார் (1910–1981). 1957இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த அவர், ஜாஸ் இசையிலேயே திருப்பலிப் பாடல்களை அமைத்தார். 1975இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் நடந்த திருப்பலியில் அவை ஒலித்தன. 1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், கோவில்களில் பியானோவையும் முரசு போன்ற ஓசைமிக்க கருவிகளையும் விலக்கியிருந்தார் என்பதை எண்ணிப் பார்த்தால், எத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்பது விளங்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அந்தந்த நாட்டு இசைமரபுக்கும் வழிபாட்டில் இடம் தந்தது. இன்று நம் ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டு இல்லாத ஞாயிறு உண்டோ? (ஒரு விசையைத் தட்டித் தாளத்தை ஓடவிடுகிறார்களே, அதுவும் இயந்திரத் தாளம்தான்!)

என் கவலை வேறு. ஜாஸ் கலைஞர் தாளத்தின்மேல் நேராக வந்து உட்காருவதில்லை. மயிரிழை முந்துவார், மயிரிழை பிந்துவார். நம் கச்சேரியில் கற்பனை ஸ்வரம் பாடும்போது மிருதங்க வித்துவான் பாடகர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார் அல்லவா? அவ்வாறே அங்கும் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதில்தான் உயிர் இருக்கிறது. இயந்திரமோ யார் முகத்தையும் பார்க்காது. ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1980இல் வெளியிட்ட டி.ஆர்.-808 என்ற தாளக் கருவியின் ஆழ்ந்த அடி, இன்றைய நடனக்கூட இசையின் அடித்தளங்களுள் ஒன்று. விடிய விடிய அதே இடத்தில் அடிக்கும். சளைக்கவும் சளைக்காது, பிறர் சொல்லைக் கேட்கவும் கேட்காது.

இவ்விரண்டையும் எப்படி இணைப்பது? நம் ஊர்ப் பெண்களுக்கு இது புதிய கேள்வி அல்லவே! உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும் பட்டுச்சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் துணைக்கு ஒருவர் அமர்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளித் தருவார். உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் அவ்விணைப்புக்குக் கோர்வை என்று பெயர். இருவரில் ஒருவர் கவனம் பிசகினாலும் சேலையில் தெரிந்துவிடும். மிருதங்கக்காரர்களும் முத்தாய்ப்பாக வாசிக்கும் சொற்கட்டைக் கோர்வை என்றே சொல்லுகிறார்கள். இரு தொழிலுக்கும் ஒரே சொல் வாய்த்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கோர்வை சரியாக விழுந்த இசைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்டு கருவிகளில் தாளத்தையும் பேஸ் ஒலியையும் ஓடவிட்டு, அதன்மேல் பத்து ராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதைச் சீந்துவாரில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபின் ஐரோப்பியர் வியந்து வியந்து கேட்டனர். அது ஜாஸ் இல்லைதான். ஆயினும் இயந்திரம் தன் இடத்தில் நிற்க, ராகம் தன் போக்கில் வளைந்து செல்லும் வழியை அது காட்டிவிட்டது. பிரான்சு நாட்டின் லுடோவிக் நவார் 2000இல் வெளியிட்ட ‘டூரிஸ்ட்’ என்ற இசைத்தட்டில் அதே வழியில் ஜாஸ் வருகிறது. நடனக்கூடத் தாளத்தின்மேல் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் பியானோவும் கைவாசிப்பாகவே ஒலிக்கின்றன.

ஜாஸின் அடையாளமான சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்கு வசப்படுத்தியவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). காஞ்சி காமகோடி பீடத்தின் ஆஸ்தான வித்துவானாக இருந்தவர் என்பதால் நம் ஊருக்கும் உறவினர். கமகம் வர வேண்டும் என்பதற்காக அக்கருவியிலேயே மாற்றங்கள் செய்தார். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹாண்டி என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரோடு சேர்ந்து வாசித்தார். 1994இல் ‘டூயட்’ படத்துக்கு இசையமைத்த ஏ. ஆர். ரகுமான், மின்கருவிகளில் கைதேர்ந்தவராக இருந்தும், கத்ரியின் சாக்ஸபோன் பேசும் இடங்களில் மற்ற ஒலிகளை அடக்கி வழிவிடச் செய்தார்.

இப்படி உழைக்காமல், யாரோ வாசித்த மூன்று வினாடித் துணுக்கை வெட்டி நூறு முறை ஒட்டிவிட்டு ‘ஜாஸ் மிக்ஸ்’ என்று சொல்லுவதை நான் ஏற்கமாட்டேன். அது கடையில் வாங்கிச் சேலையில் தைத்த சரிகைப் பட்டை.

இதில் இழப்பு யாருக்கு? ஏழு ஆண்டு வயலின் பயின்ற பெண் நம் வகுப்புகளில் இருக்கிறாள். வரவேற்பு விருந்தானாலும் பள்ளி விழாவானாலும், பதிவு செய்த ஓசைக்கு ஆட ஐம்பது பேர் மேடையேறுகிறார்கள்; அவளுடைய வயலின் பெட்டிக்குள் கிடக்கிறது. அடுத்த ஆண்டு விழாவில் ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு அருட்சகோதரியர் இசைவு தர வேண்டுகிறேன். தாளம் இயந்திரத்தினுடையதாக இருக்கட்டும். அதன்மேல் வயலினையும் வீணையையும் கீபோர்டையும் மாணவியரே வாசிக்கட்டும். முன்வரிசைப் பெரியோர் பொறுக்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்துத் தருகிறோம். அடியோடு குறைக்கச் சொன்னால் மட்டும் மறுப்போம். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் அந்த ஆழ்ந்த ஒலி சரியாக வெளிவருவதே இல்லை. அதில் கேட்டுவிட்டு ‘வெறும் டிக் டிக்’ என்று முடிவு கட்டிய பெற்றோர், அரங்கத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.