கம்பியில் போகாத கரன்ட்

ஓசூர் சிப்காட் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் மாதிரி பெரிய ஆலைகள் மட்டுமல்ல, உதிரி பாகம் செய்யும் சின்னப் பட்டறைகளும் வரிசையாக இருக்கும். மேலே தகரக் கூரை, பகல் முழுக்க வெயில். உள்ளே பகல் முழுக்க லேத் ஓடும். சூரிய மின்சாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா, சொல்லுங்கள்?

ஆனால், அரசின் சலுகை யாரைத் தேடிப் போனது? காற்றாலை வைத்தால் அதன் விலையில் 80 சதவிகிதத்தைத் தேய்மானம் என்று வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். இறக்கை சுற்றுகிறதா என்பதெல்லாம் அப்புறம்! கொழுத்த லாபம் உள்ளவருக்குத்தான் இது சலுகை. பட்டறைக்காரரிடம் கழிக்க என்ன இருக்கிறது? 2012-ல் அதை நிறுத்தினார்கள். அடுத்த வருடமே நாட்டில் புதிய காற்றாலைகள் ஏறத்தாழ பாதியாகிவிட்டன. பதறிப்போய் 2014-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். 2017-ல் 40 ஆக்கினார்கள்.

2024-ல் பிரதமர் சூர்ய கர் திட்டம் வந்தது. வீட்டுக் கூரைக்கு 78 ஆயிரம் ரூபாய் வரை மானியம். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. பட்டறைக் கூரைக்கு?

அதற்குக் கிடைத்தது, 2021-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதித்த நெட்வொர்க் கட்டணம். சொந்தக் கூரையில் தயாரித்து, அதே கூரைக்குக் கீழே செலவழித்த யூனிட்டுக்கும் சேர்த்து! கூச்சல் கிளம்பியதும், 2023-ல் சிறு தொழில்களுக்குப் பாதியாகக் குறைத்தார்கள். பாதி அநியாயம் மட்டும் பரவாயில்லையா?

'ராத்திரியானா எங்க கம்பியைத்தானே தேடி வர்றீங்க?' என்கிறது மின்வாரியம். உண்மைதான். அதற்குத்தான் நிலைக் கட்டணம் என்று தனியாக வாங்குகிறீர்களே! கம்பியில் போகாத கரன்ட்டுக்கு எதற்குச் சுங்கம் போட்டீர்கள்?

எல்லையைத் தாண்டினால் கர்நாடகம். 2018 மார்ச்சுக்குள் உற்பத்தி தொடங்கும் சூரிய மின் நிலையங்களுக்குப் பத்து வருடம் கம்பிக் கட்டணம் கிடையாது என்று அங்குள்ள ஆணையம் 2014-ல் சொன்னது. அதை நம்பிப் பணம் போட்டார்கள். 2018-ல் பேச்சை மாற்றியது. கர்நாடக ஹைகோர்ட் 2019-ல் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. ஆக, அங்கேயும் உத்தமர்கள் இல்லை.

பட்டறைக்கு மானியமே வேண்டாம். கம்பியில் ஏறும் யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் வாங்குங்கள். சலுகை தந்தே தீருவதென்றால், போட்ட பணத்துக்குத் தராதீர்கள், தயாரித்த யூனிட்டுக்குத் தாருங்கள். காற்றாலைக்கு யூனிட்டுக்கு 50 காசு என்று 2009-ல் மத்திய அரசே கொடுத்துப் பார்த்த வழிதான். முக்கியமாக, பேனல் மாட்டிய நாளில் இருந்த விதி, கடன் அடையும்வரை மாறக் கூடாது. லோன் கேட்டுப் போகிறவரிடம் பேங்க் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வியே, 'இந்த ரூல் எத்தனை வருஷத்துக்கு சார் இருக்கும்?' என்பதுதான்.