எந்த ஊரைக் கேட்டீர்கள்?



நாகலாபுரத்துக் கரிசல் மண்ணைக் கண்டிருக்கிறீர்களா? மழை பெய்தால் காலைக் கவ்வும். காய்ந்தால் வாய் பிளக்கும். பருத்தியும் மிளகாயும் விளையும் அந்தப் பூமியிலே, வானத்துக்கு அடுத்தபடி உழவன் நம்பியது ஊர்க் கண்மாயை! வண்டல் அள்ளினான், கரை கட்டினான், மடை காத்தான். குடிமராமத்து என்று அதற்குப் பெயர்.

அந்த உறவு தளர்ந்தபோது ஆங்கில ஆட்சி என்ன செய்தது? ஊராரின் நம்பிக்கையைத் தேடவில்லை; 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் தீட்டிற்று! ஏட்டிலே சட்டம் ஏறியது. கண்மாயிலே மண் ஏறியது.

விடுதலைக்குப் பின்? 1952 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியார் பிறந்தநாளில், 55 திட்டங்களோடு சமுதாய வளர்ச்சிப் பணி தொடங்கிற்று. நோக்கம் நல்லது, மறுப்பாரில்லை. ஆயினும் 1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு கண்டதென்ன? மக்களின் முனைப்பைத் திட்டம் தட்டி எழுப்பவில்லை என்பதைத்தானே! அதிகாரத்தை ஊராட்சிக்கு இறக்குக என்றது அக்குழு.

சீமைக் கருவேலத்தைப் பாருங்கள். விறகுக்கென வறண்ட நிலத்தில் பரப்பினார்கள். கண்மாய்க்குள் புகுந்து காடாயிற்று. 2017-இல் அகற்ற ஆணையிட்டது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. கண்மாய் வாழ மரம் அகலத்தான் வேண்டும். ஆனால், அதையே வெட்டி, மூட்டம் போட்டு, கரி விற்று உலை வைக்கும் ஏழைக்கு மாற்று வழி என்ன? அவனைக் கேட்டோமா? கேளாமல் வெட்டினால், வெட்டிய இடத்தில் மரமும் தழைக்கும், மனக்கசப்பும் தழைக்கும்!

"ஊரைக் கேட்டோம்" என்பார்க்கு ஒரு கேள்வி: எந்த ஊரை? மேலத்தெருத் திண்ணையையா? பழைய குடிமராமத்திலும் மண் சுமந்த கைகள் பல. மடை திறந்த கைகள் சில. பழம்பெருமை பேசுங்கால் அந்தக் கொடுமையை மறைக்கலாமா? கீழத்தெருக் கூலியாளும், களையெடுக்கும் தாய்மாரும், ஆடு மேய்ப்பவனும் வாய் திறவாத கூட்டம் ஊர்க்கூட்டம் ஆகாது!

2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. பணம் கரையை உயர்த்தும். அந்தக் கரையை ஆண்டுதோறும் காப்பது, 'இது நம்முடையது' என்னும் எண்ணமன்றோ?

ஆகவே தோழர்களே, கிராம சபைக்குச் செல்லுங்கள். செலவுக் கணக்கைச் சாவடிச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். நம் கட்சிக்காரர் எடுத்த வேலையாயினும் விலக்கில்லை! மேடையே வாழ்வாகக் கொண்ட நான் சொல்கிறேன்: அங்கே பேசப் போகாதீர்கள், கேட்கப் போங்கள்!